பெண்ணுரிமையை முன்வைத்துச் சட்டமன்றத் தேர்தலில் வாக்களிப்பது எப்படி? தமிழ்நாட்டுப் பெண்களுக்கான முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் 234 இடங்கள். 2016 தேர்தலில் 21 பெண்கள் வென்றார்கள், 2021-இல் 12 பேர்தான். ஆனால் வாக்காளர் பட்டியலில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகம். எல்லாக் கட்சிகளும் 'தாய்மார்களே' என்றுதான் பேச்சைத் தொடங்குகின்றன. அந்தத் தாய்மார்களில் யாராவது மேடையைப் பார்த்து ஒரு திட்டவட்டமான கேள்வி கேட்டு, அதற்கு எழுத்தில் பதில் வாங்கியிருக்கிறார்களா என்று தேடினால் அபூர்வமாகத்தான் கிடைக்கும்.

அந்தக் கேள்வியைத் தயாரிப்பது, அதற்கு முன் பட்டியலில் பெயரைக் காப்பாற்றிக்கொள்வது, வேட்பாளர் கொடுத்த தாளைப் படிப்பது, வாக்குச்சாவடியில் ஏமாறாமல் இருப்பது, தேர்தல் முடிந்தபின் விடாமல் பிடிப்பது ஆகியவற்றை வரிசையாகப் பார்க்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு பதில் வாங்கவே 30 நாள் ஆகும். ஆகவே தேர்தலுக்கு ஆறு மாதம் முன்பே தொடங்குங்கள்.

முதல் வேலை: பெயர் எந்த வீட்டில் இருக்கிறது?

பெண்களின் வாக்கு பெரும்பாலும் வாக்குச்சாவடிக்கு வருவதற்கு முன்பே, பட்டியலில் தொலைந்துபோகிறது. 1951-52 பொதுத்தேர்தலுக்குப் பட்டியல் எடுத்தபோது, தம் பெயரைச் சொல்லாமல் 'இன்னாரின் மனைவி', 'இன்னாரின் தாய்' என்று மட்டும் சொன்ன சுமார் 28 லட்சம் பெண்களின் பதிவுகள் நீக்கப்பட்டன. பெரும்பாலும் வட மாநிலங்களில். இன்று நம் ஊரில் அதே சிக்கல் வேறு வடிவில் இருக்கிறது: இனிஷியல். பள்ளிச் சான்றிதழில் அப்பாவின் எழுத்து, ஆதாரில் கணவரின் எழுத்து, வாக்காளர் அட்டையில் எதுவுமே இல்லை. திருமணமானால் கணவர் பெயருக்கு மாற்றியே ஆக வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. உறவினர் என்ற இடத்தில் அப்பா பெயரோ அம்மா பெயரோ அப்படியே இருக்கலாம். முடிந்தவரை எல்லா ஆவணங்களிலும் ஒன்றுபோல் இருந்தால் போதும்.

எந்தப் படிவம் எதற்கு என்பதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். முதல்முறை சேர்வதற்குப் படிவம் 6. வீடு மாறியது, தொகுதி மாறியது, பெயர் அல்லது உறவினர் திருத்தம், அட்டை தொலைந்தது, மாற்றுத்திறனாளி எனக் குறிப்பது ஆகிய அனைத்துக்கும் படிவம் 8. ஒருவர் பெயரை நீக்கக் கோருவது படிவம் 7. திருமணமாகி வேறு ஊருக்கு வந்த பெண் படிவம் 8 கொடுக்க வேண்டும். படிவம் 6 கொடுத்தால் இரண்டு இடத்தில் பெயர் வந்துவிடும், பொய் உறுதிமொழி கொடுத்ததாகவும் ஆகிவிடும். அதற்கு ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு.

ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என ஆண்டுக்கு நான்கு தகுதி நாட்கள். 17 வயது முடிந்த பெண்கள் முன்கூட்டியே விண்ணப்பித்து வைக்கலாம். முகவரிச் சான்று உங்கள் பெயரில்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அதே முகவரியில் உள்ள பெற்றோர், கணவர், வயதுவந்த பிள்ளை ஆகியோரில் ஒருவர் பெயரில் மின்கட்டண ரசீதோ வாடகை ஒப்பந்தமோ இருந்தாலும் ஏற்பார்கள். 'கரண்ட் பில் மாமனார் பேர்லதான் இருக்கு' என்று விட்டுவிடாதீர்கள்.

எங்கே தவறுகிறது? முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருக்கும்போது வாக்குச்சாவடி நிலை அலுவலர் வீட்டுக்கு வருகிறார். 'அவ இங்க இல்லீங்க' என்று மாமியார் உண்மையைச் சொல்கிறார். 'இடம்பெயர்ந்தவர்' என்று குறிப்பு ஏறுகிறது. சில மாதம் கழித்துப் பெயர் இல்லை. கணவரைப் பிரிந்து வந்தவர்களுக்கு இன்னும் சிக்கல், அங்கே நீக்கிவிடுவார்கள், இங்கே சேர்ந்திருக்காது. 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் (SIR) இது இன்னும் பளிச்சென்று தெரிந்தது. பழைய பட்டியலில் தன் பெயர் இல்லாதவர் பெற்றோரின் பதிவைக் காட்ட வேண்டியிருந்தது. திருநெல்வேலியில் பிறந்து ஓசூரில் வாழும் பெண் தாய்வீட்டு ஊர்ப் பட்டியலின் பாகம் எண்ணைத் தேடி எடுக்க வேண்டும். கணவர் வீட்டுப் பதிவு அதற்கு உதவாது. எனவே இப்போதே பெற்றோரின் பழைய பதிவைத் தேடிப் பாகம் எண், வரிசை எண் இரண்டையும் குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

செய்ய வேண்டியது: தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் சேவைத் தளத்தில் அட்டை எண்ணைக் கொடுத்துத் தேடுங்கள், அல்லது 1950 என்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். அட்டை கையில் இருப்பதும் பட்டியலில் பெயர் இருப்பதும் வேறு வேறு. அட்டை இருந்து பெயர் இல்லாவிட்டால் வாக்கு இல்லை. வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு எந்தப் பெயரையும் சேர்க்க முடியாது. ஆட்சேபனைக்கு ஏழு நாள் விட வேண்டும் என்பதால், நடைமுறையில் அதற்குப் பத்து நாள் முன்னதாகவே மனு உள்ளே போயிருக்க வேண்டும். நிராகரித்தால் 15 நாளுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு, அங்கும் ஆகாவிட்டால் 30 நாளுக்குள் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம். ஒப்புகைச் சீட்டு இல்லாமல் இதில் எதுவும் நகராது. கையில் மனு கொடுத்தால் ஒப்புகையைக் கிழித்து வாங்கிக்கொண்டுதான் வர வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. வாக்காளர் பட்டியல் பொது ஆவணம். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். வன்முறையிலிருந்து தப்பி வந்து ஓரிடத்தில் தங்கியிருக்கும் பெண்ணின் புதிய முகவரியைப் பட்டியலில் ஏற்றுவதற்கு முன், அவரோடும், குடும்ப வன்முறைச் சட்டத்தின்கீழ் அவருக்கு உதவும் பாதுகாப்பு அலுவலரோடும் பேசி முடிவெடுங்கள். திருநங்கையருக்குப் பாலினப் பகுதியில் மூன்றாம் பாலினம் என்ற தெரிவு உண்டு.

எதை யாரிடம் கேட்பது?

மகளிர் அமைப்புகளின் கோரிக்கைகள் பாதி இங்கேதான் வீணாகின்றன. 'சட்டமன்றத்தில் 33 விழுக்காடு வாங்கித் தருவீர்களா?' என்று கேட்டால் வேட்பாளர் மகிழ்ச்சியோடு தலையாட்டுவார், அது அவர் கையில் இல்லை என்பதால். 2023-இல் நிறைவேறிய 106-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் மூன்றில் ஒரு பங்கை ஒதுக்கியது. அதையே மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கும் தொகுதி மறுவரையறைக்கும் பிறகு என்று கட்டிப்போட்டதும் அந்தத் திருத்தம்தான். இந்தத் தேர்தலில் கேட்க வேண்டியது வேறு: 'உங்கள் கட்சி இந்த மாவட்டத்தில் எத்தனை பெண்களுக்குச் சீட் கொடுத்தது? அதில் கடந்த முறை நீங்கள் வென்ற தொகுதி எத்தனை?' தோற்பதற்கென்றே ஒதுக்கும் தொகுதியில் பெண்ணை நிறுத்துவது எண்ணிக்கையில் தெரியாது. இந்த இரண்டாவது கேள்வியில் தெரியும்.

மாநிலத்தின் கையில் இருப்பவை இவை: காவல்துறை, அரசு மருத்துவமனைகள், பேருந்து, நிலம் மற்றும் பட்டா, மதுக்கடை, உள்ளாட்சி. குற்றவியல் சட்டம், திருமணம், சொத்து வாரிசுரிமை, தொழிலாளர் நலம் ஆகியவை பொதுப் பட்டியலில் உள்ளன. அதாவது ஒன்றிய அரசும் மாநில அரசும் சட்டம் இயற்றலாம்.

பொதுப் பட்டியலில் மாநிலம் என்ன செய்ய முடியும் என்பதற்குத் தமிழ்நாடே சாட்சி. 1989-இல் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்திப் பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம உரிமை கொடுத்தது. அந்த ஆண்டு மார்ச் 25-க்கு முன் மணமானவர்களுக்கு அது பொருந்தவில்லை. நாடு முழுவதற்கும் அந்த உரிமை வர 2005 செப்டம்பர் 9 வரை ஆனது. பெண்களைத் துன்புறுத்துவதைத் தடுக்க 1998-இல் தனிச் சட்டம் வந்தது. கடைகளில் நிற்கவே வைக்கப்பட்ட விற்பனைப் பெண்களுக்கு உட்காரும் உரிமை 2021-இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத் திருத்தமாக வந்தது. ஊராட்சி, நகராட்சிகளில் 50 விழுக்காடு இடஒதுக்கீடு 2016-இல். இவை எல்லாமே சட்டமன்றத்தில் கை தூக்கி நிறைவேற்றியவை. உங்கள் உறுப்பினர் அன்று அவையில் இருந்தாரா, பேசினாரா என்பது அவைக் குறிப்பில் இருக்கும்.

கேள்வியை எண்ணாக மாற்றுதல்

'பெண்கள் பாதுகாப்புக்கு என்ன செய்வீர்கள்?' என்று கேட்டால் 'பெண்கள் நாட்டின் கண்கள்' என்று பதில் வரும். கேள்வியில் ஒரு இடம், ஒரு எண், ஒரு துறை, ஒரு காலக்கெடு இருக்க வேண்டும். இந்த எண்ணைத் தருவது தகவல் அறியும் உரிமைச் சட்டம்.

மாவட்டச் சமூக நல அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு வெள்ளைத் தாளில் எழுதுங்கள். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். மாநில அரசின் இணையத் தளம் வழியாகவும் அனுப்பலாம். வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளவர் சான்று நகல் வைத்தால் கட்டணம் இல்லை. இப்படிக் கேளுங்கள்:

'குடும்ப வன்முறைச் சட்டம் 2005-இன்கீழ் நம் மாவட்டத்துக்கு அனுமதிக்கப்பட்ட பாதுகாப்பு அலுவலர் பணியிடங்கள் எத்தனை, நிரப்பப்பட்டவை எத்தனை? கடந்த மூன்று நிதியாண்டுகளில் ஆண்டுவாரியாகப் பெறப்பட்ட புகார்கள், தயாரித்த குடும்ப நிகழ்வு அறிக்கைகள், நீதிமன்றத்தில் பெற்ற பாதுகாப்பு ஆணைகள் எத்தனை? வன்முறைக்கு உள்ளான பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையத்தில் இரவில் பணியில் உள்ளவர் எத்தனை பேர்? வருகைப் பதிவேட்டின் நகல் தருக.'

அடுத்தது மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு: 'பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013-இன்கீழ் உள்ளூர்க் குழு எந்த அரசாணை அல்லது உத்தரவால் அமைக்கப்பட்டது? தற்போதைய உறுப்பினர்கள் யார், பதவிக்காலம் எப்போது முடிகிறது? ஒன்றியம், நகராட்சி வாரியாக நியமிக்கப்பட்ட தொடர்பு அலுவலர்கள் பட்டியல் தருக. சென்ற ஆண்டு அறிக்கை நகல் தருக.'

இந்த உள்ளூர்க் குழு ஏன் முக்கியம்? பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களில், நிறுவனத்துக்குள்ளேயே புகாரை விசாரிக்கும் உள்ளகக் குழு இருக்காது. வீட்டு வேலை செய்பவர், செங்கல் சூளையில் இருப்பவர், சிறு தையல் கூடத்தில் உட்கார்ந்திருப்பவர் எல்லோருக்கும் இந்த ஒரே குழுதான் கதி. புகார் கொடுக்கச் சட்டம் தரும் காலம் மூன்று மாதம், காரணம் காட்டினால் இன்னொரு மூன்று மாதம். குழு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்குள் அந்தக் காலம் ஓடிவிடும். காகிதத்தில் குழு இருந்து, உறுப்பினர் பதவிக்காலம் முடிந்து புதுப்பிக்காமல் கிடந்தால், வேட்பாளரிடம் கேட்க அதைவிடக் கூர்மையான கேள்வி கிடைக்காது.

மனுவில் வழக்கமாக வரும் தவறு 'ஏன்' என்று கேட்பது. 'ஏன் நிரப்பவில்லை?' என்றால் அது தகவல் அல்ல, விளக்கம் என்று திருப்பி அனுப்புவார்கள். 'எத்தனை', 'எந்தத் தேதியில்', 'நகல் தருக' என்று மட்டும் எழுதுங்கள். வேறு அலுவலகத்தில் உள்ள தகவல் என்றால் ஐந்து நாளுக்குள் அவர்களே அங்கே மாற்றி அனுப்ப வேண்டும். 30 நாளில் பதில் இல்லையென்றால் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலரிடம் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. பதிலே வராததும் ஒரு பதில்தான். 'இந்தத் தேதியில் கேட்டோம், இன்றுவரை பதில் இல்லை' என்று கூட்டத்தில் படிக்கலாம்.

பதில்கள் கைக்கு வந்ததும் ஐந்து கோரிக்கைக்குமேல் வைக்காதீர்கள். இருபது கோரிக்கை உள்ள தாளை வாங்கும் வேட்பாளர் சுலபமானதைத் தேர்ந்தெடுத்துப் பேசிவிட்டுப் போய்விடுவார். ஐந்தில் ஒன்றாவது பணம் கேட்காத கோரிக்கையாக இருக்கட்டும். உள்ளூர்க் குழுவைப் புதுப்பிப்பது, மகப்பேறு வார்டுக்கு வெளியே குழுவின் தொலைபேசி எண்ணை எழுதி வைப்பது போன்றவை. நிதியில்லை என்ற சாக்கு அங்கே எடுபடாது.

தேர்தல் அறிக்கையைப் படிக்கும் விதம்

அறிக்கையில் ஒரு வாக்குறுதியைப் பார்த்ததும் நான்கு இடத்தில் விரலை வையுங்கள்: யாருக்கு, எவ்வளவு, எப்போதிலிருந்து, எந்த நிபந்தனையோடு. கடைசி இரண்டும் பெரும்பாலும் இருக்காது. பிறகு அரசாணையில்தான் தெரியும்.

எடுத்துக்காட்டுகள் எல்லாப் பக்கத்திலும் உண்டு. குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் என்பது 2021 தேர்தல் வாக்குறுதி. 2023 செப்டம்பர் 15-இல் மகளிர் உரிமைத் தொகையாக அது தொடங்கியபோது ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள், நன்செய் 5 ஏக்கர் அல்லது புன்செய் 10 ஏக்கருக்குள், ஆண்டு மின் பயன்பாடு 3,600 யூனிட்டுக்குள் என்று தகுதிகள் வந்தன. கூட்டுக் குடும்பத்தில் ஒரே மின் இணைப்பை மூன்று குடுத்தனம் பகிர்ந்தால் என்ன ஆகும் என்பது அறிக்கையைப் படித்தவருக்குத் தோன்றியிருக்காது. 2016 அறிக்கையில் வந்த இருசக்கர வாகன மானியம் 2018 பிப்ரவரியில் தொடங்கியபோது ஓட்டுநர் உரிமம் கேட்டது. உரிமமே எடுக்க வாய்ப்பில்லாத பெண் அங்கேயே நின்றுவிட்டார். கட்டணமில்லாப் பேருந்துப் பயணம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துக்குத்தான். அந்தப் பேருந்து உங்கள் ஊருக்கு ஒரு நாளைக்கு எத்தனை முறை வருகிறது என்பதைப் பொறுத்ததுதான் அதன் மதிப்பு. ஆகவே 'இலவசப் பயணம் தொடருமா?' என்பதைவிட, 'இரவு எட்டரைக்குமேல் எங்கள் தடத்தில் நகரப் பேருந்து விடுவீர்களா?' என்பது நல்ல கேள்வி.

திட்டத்தின் நோக்கம் எங்கே நகர்கிறது என்றும் பாருங்கள். 1989-இல் தொடங்கிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டம் 2022-இல் உயர்கல்விக்கான புதுமைப்பெண் திட்டமாக மாறியது. தொடங்கியபோது, அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர் கல்லூரியில் சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய். தாலிக்குத் தங்கம் கொடுத்த பணம் படிப்புக்குப் போனது. பெண்ணை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதைத் தொகையைவிட இந்த மாற்றம் தெளிவாகச் சொல்கிறது. அறிக்கைகளில் திருமணத்துக்குக் கொடுப்பது எவ்வளவு, படிப்புக்கும் வேலைக்கும் சொத்துக்கும் கொடுப்பது எவ்வளவு என்று இரண்டு நிறப் பேனாவில் கோடு போட்டுப் பாருங்கள்.

பிரமாணப் பத்திரம்

ஒவ்வொரு வேட்பாளரும் வேட்புமனுவோடு படிவம் 26-இல் பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டும். தேர்தல் ஆணையத்தின் தளத்திலும், வேட்பாளரை அறிய உதவும் செயலியிலும், தேர்தல் நடத்தும் அலுவலரின் அறிவிப்புப் பலகையிலும் கிடைக்கும். வேட்புமனு திரும்பப் பெறும் கடைசி நாளுக்கும் வாக்குப்பதிவுக்கும் இடையே குறைந்தது 14 நாள் இருக்கும். அதுதான் படிக்கும் காலம். கடைசியில் ஒரு சுருக்கம் இருக்கும். அதை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள், முழு விவரம் முதல் பகுதியில் உள்ளது.

வழக்குப் பகுதியில் 'ஆறு வழக்கு' என்ற எண்ணைப் பார்த்து முடிவுக்கு வருவது தவறு. பிரிவு எண்ணைப் பாருங்கள். சாலை மறியல், தடை உத்தரவை மீறிக் கூடியது போன்ற வழக்குகள் போராட்டக்காரர்கள் எல்லோர் மேலும் இருக்கும். மகளிர் அமைப்பிலிருந்து வந்த வேட்பாளர் மீதே பத்து இருக்கலாம். பார்க்க வேண்டியவை இவை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 354 மானபங்கம், 354-ஏ பாலியல் தொல்லை, 354-டி பின்தொடர்தல், 376 வன்புணர்வு, 498-ஏ கணவர் வீட்டுக் கொடுமை, 304-பி வரதட்சணை மரணம், 509 இழிவான சொல், சைகை. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் இவை வரிசையாக 74, 75, 78, 64, 85, 80, 79. வழக்கு எந்த நிலையில் இருக்கிறது, குற்றச்சாட்டு வனையப்பட்டதா என்ற பத்தியையும் சேர்த்துப் படியுங்கள். குடும்ப வன்முறைச் சட்டத்தில் மனைவி போட்ட மனு உரிமையியல் தன்மையுள்ளது என்பதால் இதில் வராமலே போகலாம். வழக்குப் பத்தி காலியாக இருப்பது நற்சான்றிதழ் ஆகாது.

குற்ற வழக்கு உள்ள வேட்பாளர் அதைச் செய்தித்தாளிலும் தொலைக்காட்சியிலும் மூன்று முறை விளம்பரம் செய்ய வேண்டும். வழக்கு இல்லாத ஒருவரை ஏன் நிறுத்தவில்லை என்று கட்சியும் காரணம் எழுதி வெளியிட வேண்டும். 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவு அது. 'வெற்றி வாய்ப்பு' மட்டுமே காரணமாக இருக்கக் கூடாது என்பதும் அதில் உண்டு. கட்சிகள் எழுதும் காரணங்களைப் படித்துப் பாருங்கள், ஒரே வாசகம் பல தொகுதிக்கு நகலெடுத்து ஒட்டப்பட்டிருக்கும்.

சொத்துப் பத்தியில் வேட்பாளர், மனைவி அல்லது கணவர், சார்ந்தோர் என்று தனித்தனிக் கட்டங்கள் உண்டு. பெண்ணின் சொத்துரிமை பற்றி மேடையில் உருகும் வேட்பாளரின் மனைவி கட்டத்தில் சவரன் கணக்கில் நகை மட்டும் இருந்து, நிலமும் கட்டடமும் முழுக்க அவர் கட்டத்திலேயே இருந்தால் அதுவும் ஒரு தகவல். இதை வைத்து யாரையும் குற்றவாளி ஆக்க முடியாது, ஆனால் கேள்வி கேட்கலாம். வேட்பாளர் பெண்ணாக இருந்தால், அவருக்குப் பதில் கணவர் பேசுகிறாரா என்று பிரசாரத்தில் கவனியுங்கள். ஊராட்சிகளில் 'தலைவரின் வீட்டுக்காரர்' நாற்காலியில் உட்காருவதைப் பார்த்துப் பழகிவிட்டோம். சட்டமன்றத்துக்கும் அது வரக் கூடாது. பெண் என்பதாலேயே வாக்கும் வேண்டாம்.

ஏற்கெனவே உறுப்பினராக இருந்தவர் என்றால், தொகுதி மேம்பாட்டு நிதியில் செய்த பணிகளின் பட்டியலை மாவட்ட ஊரக வளர்ச்சி முகமையிடம் கேட்டு வாங்குங்கள். நிழற்குடை, உயர்கோபுர விளக்கு, சமுதாயக்கூடம் என்று நீளும். அதில் பெண்கள் கழிப்பறையும் அங்கன்வாடிக் கட்டடமும் எத்தனை என்று எண்ணுங்கள்.

வேட்பாளர்களை அழைத்துக் கூட்டம் நடத்த

ஒருவரை மட்டும் அழைத்தால் அது அவருக்கான பிரசாரம். செலவு அவர் கணக்கில் ஏறும், அவருக்கு உச்ச வரம்பு 40 லட்சம். எழுத்து அனுமதி இல்லாமல் ஒரு வேட்பாளருக்கு ஆதரவாகச் செலவு செய்தால் உங்கள் மேலும் வழக்கு வரும். ஆகவே போட்டியிடும் அனைவருக்கும், சுயேச்சைகள் உட்பட, பதிவுத் தபாலில் ஒரே வாசகத்தில் அழைப்பு அனுப்புங்கள். வராதவரின் நாற்காலியைக் காலியாகவே வைத்து, பெயர் அட்டையையும் வையுங்கள்.

அரங்கத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் காவல் நிலையத்திலும் தேர்தல் நடத்தும் அலுவலரிடமும் முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரத்தில் கூட்டமே கூடாது. கோயில், பள்ளிவாசல், தேவாலய வளாகம் வேண்டாம். அரசு ஊழியர்கள் மேடையேறக் கூடாது. நன்றாகப் பேசும் அங்கன்வாடிப் பணியாளரை நெறியாளராக்க ஆசை வரும், ஆனால் அவரே வாக்குச்சாவடி நிலை அலுவலராகவும் இருப்பார், அவருக்குத்தான் சிக்கல்.

துண்டறிக்கையில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் கட்டாயம். இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்ட உறுதிமொழியை அச்சகத்தில் கொடுக்க வேண்டும். மீறினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நகல் எடுக்கும் கடையில் பிரதி எடுத்தாலும் இதே சட்டம்தான். பெரும்பாலான சிறு அமைப்புகள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

கூட்டத்தில் ஒருவருக்குப் பத்து நிமிடம், ஐந்து கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 'செய்வேன்', 'செய்ய மாட்டேன்', 'இந்தத் தேதிக்குள்' என்று தாளில் எழுதிக் கையெழுத்து. பேசவிட்டால் பேசிக்கொண்டே போவார்கள், தாளை முதலில் நீட்டுங்கள்.

பணம், டோக்கன், குழுத் தலைவி

வாக்குக்குப் பணம் கொடுப்பது போலவே வாங்குவதும் குற்றம், ஓராண்டு வரை சிறை. 2016-இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2017-இல் ஆர்.கே. நகர், 2019-இல் வேலூர் மக்களவைத் தொகுதி எனத் தேர்தலே ரத்தான கதை நமக்குத் தெரியும். பெண்கள் விஷயத்தில் பணம் பெரும்பாலும் வீட்டு ஆண் கையிலோ சுயஉதவிக் குழு வழியாகவோ வருகிறது. குழுக் கூட்டத்தில் ஆதார் நகல், குடும்ப அட்டை நகல், வாக்காளர் அட்டை எண் என்று 'கணக்கெடுப்பு' கேட்டால் கொடுக்காதீர்கள். 'இந்தக் கட்சிக்குப் போடலைன்னா கடன் வராது' என்பது மிரட்டல், அதுவும் தனிக் குற்றம். சி-விஜில் செயலியில் அந்த இடத்திலிருந்தே படமோ காணொளியோ எடுத்துப் பதியலாம், பெயர் சொல்ல வேண்டியதில்லை, நூறு நிமிடத்துக்குள் நடவடிக்கை என்பது ஆணையத்தின் ஏற்பாடு. செல்பேசியில் ஏற்கெனவே எடுத்து வைத்த படத்தை அது ஏற்காது.

வாங்கிவிட்டீர்கள் என்றாலும், சாமி படத்தில் சத்தியம் வாங்கியிருந்தாலும், யாருக்குப் போட்டீர்கள் என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

வாக்குப்பதிவு நாள்

வாக்காளர் அட்டை இல்லையென்றால் ஆதார், பான், ஓட்டுநர் உரிமம், கடவுச்சீட்டு, படம் ஒட்டிய வங்கி அல்லது அஞ்சலகப் புத்தகம், நூறு நாள் வேலை அட்டை போன்ற மாற்று ஆவணங்கள் உண்டு. ரேஷன் கார்டு அந்தப் பட்டியலில் இல்லை. பூத் சிலிப்பும் அடையாள ஆவணம் இல்லை. இந்த இரண்டோடு மட்டும் வந்து திரும்பிப் போகும் பெண்கள் ஒவ்வொரு தேர்தலிலும் உண்டு.

அன்று சம்பளத்தோடு விடுமுறை. ஆலை, கடை, பனியன் நிறுவனம், தினக்கூலி எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். பெண்களுக்குத் தனி வரிசை உண்டு. கைக்குழந்தையோடு வருபவர், முதியோர், மாற்றுத்திறனாளிகளுக்கு முன்னுரிமை. வாக்குப்பதிவு முடியும் நேரத்தில் வரிசையில் நின்றால் டோக்கன் கிடைக்கும். எத்தனை மணி ஆனாலும் வாக்களிக்கலாம். 85 வயது கடந்தவரும் 40 விழுக்காடு ஊனம் உள்ளவரும் வீட்டிலிருந்தே வாக்களிக்கப் படிவம் 12-டி கொடுக்கலாம். தேர்தல் அறிவிக்கை வெளியான ஐந்து நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்பதால் பலர் தவறவிடுகிறார்கள்.

'அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, நானே அமுக்கிடறேன்' என்று கணவரோ மகனோ உள்ளே வர முடியாது. துணை என்பது பார்வையின்மைக்கும் உடல் இயலாமைக்கும் மட்டுமே. எழுத்தறிவின்மை காரணம் ஆகாது. அதற்குத்தான் சின்னம். துணை வருபவரும் அன்று ஒருவருக்கு மட்டுமே துணையாக இருக்கலாம். செல்பேசியை உள்ளே எடுத்துப் போகக் கூடாது என்ற விதி எரிச்சலாகத் தோன்றும். ஆனால் 'போட்டதைப் படம் பிடித்து வா' என்று வீட்டில் சொல்லியனுப்பியவருக்குக் கொடுக்க அதைவிட நல்ல சாக்கு இல்லை.

பொத்தானை அழுத்தியதும் பக்கத்துப் பெட்டிக் கண்ணாடியில் ஏழு நொடி சீட்டு தெரியும். வரிசை எண், பெயர், சின்னம் மூன்றையும் பாருங்கள். உங்கள் பெயரில் யாரோ ஏற்கெனவே வாக்களித்துவிட்டார் என்றால் திரும்பி வராதீர்கள். தலைமை அலுவலரிடம் விதி 49P என்று சொல்லி டெண்டர் ஓட்டு கேளுங்கள். அது காகிதச் சீட்டு, உறையில் தனியாக வைக்கப்படும். வழக்கமான எண்ணிக்கையில் சேராது, நீதிமன்றம் கேட்டால்தான் திறக்கப்படும். ஆனாலும் கள்ள ஓட்டுக்கு அது எழுத்துச் சாட்சி.

முடிவு வந்த பிறகு

சில வாரத்தில் படிவம் 20 வெளியாகும். வாக்குச்சாவடி வாரியாக யாருக்கு எத்தனை வாக்கு என்று அதில் இருக்கும். வென்றவர் உங்கள் பகுதியில் எவ்வளவு வாக்கில் முந்தினார், எவ்வளவில் பின்தங்கினார் என்று தெரிந்துகொண்டு முதல் சந்திப்புக்குப் போங்கள். கையெழுத்திட்ட தாளின் நகலையும் எடுத்துப் போங்கள்.

ஆண்டுதோறும் துறைகளுக்கான நிதியைச் சட்டமன்றம் விவாதிக்கும் மானியக் கோரிக்கை விவாதத்தின்போது சமூக நலன் மற்றும் மகளிர் உரிமைத் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பு வெளியாகும். அதில் உங்கள் மாவட்டத்தின் பெயர் எங்கெல்லாம் வருகிறது என்று தேடுங்கள். விவாதத்துக்கு இரண்டு வாரம் முன்பே உறுப்பினரிடம் ஒரே ஒரு கேள்வியை எழுதிக் கொடுத்து, அவையில் எழுப்பச் சொல்லுங்கள். அமைச்சர் அவையில் 'செய்யப்படும்' என்று சொல்லிவிட்டால் அதைப் பின்தொடர அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. பொது மக்களின் மனுவை நேரடியாக வாங்க மனுக்கள் குழு இருக்கிறது, அது மாவட்டங்களுக்கும் வரும்.

ஊராட்சியில் இருப்பவர்களுக்குக் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தீர்மானப் புத்தகத்தில் உங்கள் கோரிக்கை எழுதப்பட்டதைக் கண்ணால் பார்த்து, அதற்குக் கீழே கையெழுத்துப் போடுங்கள். வெற்றுப் பக்கத்தில் முதலிலேயே கையெழுத்து வாங்குவார்கள். கொடுக்காதீர்கள்.